குவிட்: பிரிட்டனில் பவுண்டுக்கு வழங்கும் பேச்சுப் பெயர், அதைப் பிழையில்லாமல் புழங்கும் விதம்

ஒரு குவிட் என்றால் ஒரு பவுண்ட். ஐந்து குவிட் ஐந்து பவுண்ட், ஐந்நூறு குவிட் ஐந்நூறு பவுண்ட். கணக்கு அவ்வளவுதான். ஆனாலும் பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போய் இறங்குகிறவர்களை முதல் வாரத்திலேயே திணறவைக்கிற சொல் இது. பள்ளிக்கூட ஆங்கிலப் புத்தகத்தில் வராது, வங்கி அனுப்பும் கடிதத்தில் வராது, பணத்தாளிலும் அச்சடித்திருக்காது. வாடகைக்கு அறை காட்டுகிறவர் வாயில் வரும். பழைய சைக்கிள் விற்பவர் வாயில் வரும். கூட வேலை பார்ப்பவர் கைமாற்று கேட்கும்போது வரும். அதாவது, காசு கைமாறுகிற சரியான நேரத்தில்தான் வரும்.

தமிழருக்கு இதைப் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. இலக்கணத்தில் குவிட்டை 'ரூபாய்' போல நடத்துங்கள். இடம் பொருள் பார்ப்பதில் 'துட்டு' போல நடத்துங்கள். இந்த இரண்டையும் மறக்காவிட்டால் முக்கால்வாசித் தப்பு வராது.

எஸ் சேர்க்காதீர்கள்

'பத்து ரூபாய்கள் கொடு' என்று தமிழில் யாராவது கேட்பார்களா? பத்தானாலும் பத்தாயிரமானாலும் ரூபாய் ரூபாய்தான். குவிட்டும் அதே ஜாதி. ஒன் குவிட், டென் குவிட், டூ ஹண்ட்ரட் குவிட். 'டென் குவிட்ஸ்' என்று சொன்ன மறுநொடியே, இந்தச் சொல்லை நேற்றுத்தான் கற்றுக்கொண்டீர்கள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். பெரிய குற்றமில்லை, யாரும் திருத்தவும் மாட்டார்கள். ஆனால் பேரம் பேசும் இடத்தில் புதுசு என்று காட்டிக்கொள்வது நமக்கு லாபமில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதில் தமிழ் வாய் இயல்பாகவே சரியாகப் போகும். ஒன்றுக்கு மேல் போனால் எஸ் போடு என்று பள்ளியில் அடித்துச் சொன்ன விதிதான் இடறிவிடுகிறது. 'பவுண்ட்ஸ்' என்று எழுதும்போது அந்த விதி சரி. பேச்சிலோ பவுண்டுக்கே பலர் எஸ் போடுவதில்லை. 'டென் பவுண்ட்' என்று வடக்கு இங்கிலாந்திலும் லண்டன் சந்தைகளிலும் தாராளமாகக் கேட்கலாம். நோட்டைச் சொல்லும்போது எல்லோருக்குமே அது 'டென் பவுண்ட் நோட்'தான்.

எஸ் ஒட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு தொடரில். 'குவிட்ஸ் இன்' என்றால் லாபத்தில் இருக்கிறோம், நமக்கு நல்லதாகவே முடிந்தது என்று பொருள். 'இஃப் தே ரீஃபண்ட் த டிக்கெட், வி ஆர் குவிட்ஸ் இன்': டிக்கெட் காசும் திரும்பி வந்தால் நமக்குக் கொள்ளை லாபம். இதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேறு வாக்கியத்துக்கு அந்த எஸ்ஸைக் கடன் வாங்காதீர்கள்.

வினைச்சொல்லும் ஒருமையில்தான். 'டென் குவிட் இஸ் டூ மச்' என்பது சரி, 'டென் குவிட் ஆர்' என்று வராது. பத்து பவுண்டையும் ஒரே தொகையாகப் பார்ப்பதால் இப்படி.

வாய் பழக

தமிழ் எழுத்தில் 'குவிட்' என்று எழுதுவதிலேயே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, 'கு' என்று தனியாக நின்று 'விட்' என்று தொடங்குவது. உண்மையில் அது ஒரே அசை: க்வி. வாயைக் குவித்தபடியே 'க்' சொல்லித் திறந்தால் தானாக வரும். இரண்டாவது பள்ளம் ஆழமானது. கடைசி ஒலியை 'பட்டு', 'தட்டு' என்பதில் வரும் வல்லின ட போல அழுத்திவிட்டால் எதிரில் இருப்பவர் காதில் 'க்விட்' என்ற வேறு சொல் விழும். வேலையை விட்டுவிடுகிறேன் என்பதற்குச் சொல்வார்களே, அது. 'நாடு', 'வீடு' என்பதில் வரும் மெல்லிய ட வேண்டும், ஆனால் பின்னால் உகரம் கூடாது. 'க்விடு' என்று தொடங்கி உகரத்தை விழுங்கிவிடுங்கள். முன்னால் இருக்கும் இகரத்தை ஒரு நூலளவு நீட்டினால் வேலை முடிந்தது. க்வீட் என்று நெடிலாகிவிடக் கூடாது.

சென்னை ஒரகடம் ஆலையில் செய்து 2015 முதல் விற்பனையில் இருக்கும் ரெனோ காரின் பெயரும் ஒலிப்பில் இதேதான். எழுத்து மட்டும் வேறு: காருக்கு கே, டபிள்யூ, காசுக்கு க்யூ, யு. கார் பெயரை ஒழுங்காகச் சொல்ல வருகிறவருக்குக் காசும் ஒழுங்காக வரும்.

இதைவிட முக்கியம் முன்னால் வரும் எண். 'ஃபிஃப்டீன் குவிட்' பதினைந்து, 'ஃபிஃப்டி குவிட்' ஐம்பது. வேகமான பேச்சில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். வித்தியாசம் அழுத்தத்தில் இருக்கிறது: பதினைந்தில் இரண்டாம் அசை ஓங்கி நீளும், ஐம்பதில் முதல் அசை ஓங்கி இரண்டாவது தேய்ந்துபோகும். சந்தேகம் வந்தால் தலையாட்டாதீர்கள். 'ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஓ?' என்று கேளுங்கள். ஊர்க்காரர்களே தொலைபேசியில் இப்படித்தான் கேட்பார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பதின்மூன்று–முப்பது, பதினாறு–அறுபது எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். லண்டன் உழைப்பாளிப் பேச்சில் 'தர்ட்டி' என்பது 'ஃபர்ட்டி' என்று வரும். முதலில் கேட்கிறவர் நாற்பதா என்று குழம்புவார், அது முப்பதுதான்.

முன்னால் எது வரும், எது வராது

குவிட் தனியாக நிற்காது. முன்னால் ஓர் எண்ணோ அளவுச்சொல்லோ கட்டாயம். இங்கேதான் அது துட்டிலிருந்து பிரிகிறது. 'கையில துட்டு இல்ல' என்று தமிழில் சொல்லலாம். 'ஐ ஹேவ் நோ குவிட்' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. கை காலி என்பதற்கு 'ஐ'ம் ஸ்கிண்ட்' என்பார்கள். பணம் என்று பொதுவாகச் சொல்ல டோஷ், கேஷ், டோ என்று வேறு சொற்கள் இருக்கின்றன. அதேபோல 'ஹவ் மெனி குவிட்?' என்று விலை கேட்காதீர்கள். 'ஹவ் மச்?' போதும். பதிலில்தான் குவிட் வரும்.

'எ குவிட்' என்றால் ஒரு பவுண்ட். 'ஒன் குவிட்' என்பதைவிட இதுதான் வழக்கம். 'எ குவிட் ஈச்' தலைக்கு ஒரு பவுண்ட், அல்லது உருப்படி ஒன்றுக்கு ஒரு பவுண்ட். 'டூ ஃபர் எ குவிட்' ஒரு பவுண்டுக்கு இரண்டு. 'ட்வென்டி ஆட் குவிட்' இருபதும் சொச்சமும். 'த பெஸ்ட் பார்ட் ஆஃப் ஃபிஃப்டி குவிட்' ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே. நல்ல பகுதி, கெட்ட பகுதி என்று எதுவும் இல்லை, 'கிட்டத்தட்ட ஐம்பது' என்பதே பொருள். 'டென் குவிட் எ பாப்' ஒவ்வொன்றும் பத்து.

'எ கப்பிள் ஆஃப் குவிட்' என்பதை இரண்டு என்று துல்லியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். 'ஒண்ணு ரெண்டு' என்று நாம் இழுப்போமே, அந்த மாதிரி.

'எ ஃப்யூ குவிட்' இன்னும் நெளிவானது. நம் 'நாலு காசு'வுக்கு இதைவிட நெருக்கமான ஆங்கிலம் கிடைப்பது அரிது. 'நாலு காசு பாக்கணும்' என்கிறவர் நான்கு நாணயத்தை நினைப்பதில்லை. அதே மாதிரி 'தட் மஸ்ட் ஹேவ் காஸ்ட் எ ஃப்யூ குவிட்' என்று ஒருவர் உங்கள் புதுக் காரைப் பார்த்துச் சொன்னால், நல்ல விலை போட்டிருப்பீர்களே என்கிறார். 'ஹி'ஸ் காட் எ ஃப்யூ குவிட்' என்றால் அவன் வசதியானவன். குறைத்துச் சொல்லிப் பெரிதாக உணர்த்துவது அந்த ஊர்ப் பேச்சின் குணம். எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு 'இல்லை, பதினெட்டாயிரம்' என்று விளக்கம் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள்.

சில்லறையோடு குவிட் ஒட்டாது. 3.50 என்பதை 'த்ரீ பவுண்ட் ஃபிஃப்டி' அல்லது வெறுமனே 'த்ரீ ஃபிஃப்டி' என்பார்கள். 'த்ரீ குவிட் ஃபிஃப்டி' காதில் உறுத்தும். பாதிக் கணக்கென்றால் மட்டும் 'த்ரீ அண்ட் எ ஹாஃப் குவிட்' தடையில்லை. பென்ஸை 'பீ' என்று எழுத்தாகவே சொல்வது வழக்கம்: எண்பது பென்ஸ், 'எய்ட்டி பீ'. குவிட் முழு எண்ணுக்கும் தோராயத்துக்கும்தான். கல்லாவில் ரசீது அடிக்கிறவர் 'ஃபோர் நைன்டி நைன்' என்பார். வெளியே வந்து நண்பரிடம் சொல்லும்போது அது 'ஃபைவ் குவிட்' ஆகிவிடும்.

பேரத்தில் கேட்பது

பழைய சைக்கிள் ஒன்றுக்குப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

'ஹவ் மச் ஃபர் த பைக்?'

'எய்ட்டி குவிட்.'

'வுட் யூ டேக் சிக்ஸ்டி?'

'மேக் இட் செவன்டி அண்ட் இட்'ஸ் யுவர்ஸ்.'

'கால் இட் சிக்ஸ்டி ஃபைவ்?'

'கோ ஆன் தென்.'

குவிட் ஒரே ஒரு தடவைதான் வந்தது, முதல் விலையில். அதற்குப் பிறகு வெறும் எண். ஒவ்வொரு வரியிலும் குவிட் குவிட் என்று சேர்த்தால் நடிப்பு மாதிரி இருக்கும். நம்மூரிலும் 'எவ்வளவுப்பா?' 'இருநூறு ரூபா.' 'நூத்தம்பதுக்குக் குடு' என்றுதானே போகிறது? 'கோ ஆன் தென்' என்றால் போய்விடு என்று பொருளில்லை, 'சரி, எடுத்துக்கோ' என்று சம்மதம். சொன்னதும் காசை எடுக்கலாம்.

தெருச் சந்தையில் பழக்கடைக்காரர்கள் கிண்ணத்தில் குவித்துவைத்து 'பவுண்ட் எ போல்' என்று கத்துவார்கள். கிண்ணம் ஒரு பவுண்ட் காசு என்பதுதான் அது. தக்காளி ஒரு பவுண்ட் எடை என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. எடைக்கும் ஆங்கிலத்தில் பவுண்ட் என்றே பெயர், அது சுமார் 454 கிராம். குவிட் என்றால் எடையாக இருக்கவே முடியாது. அந்த வகையில் தெளிவான சொல்.

வாடகை, கூலி: இங்கே கவனம் வேண்டும்

உண்மையில் கைக்காசு இழப்பது இந்த இடத்தில்தான். அறை காட்டுகிறவர் 'ஒன் ஃபிஃப்டி குவிட் எ வீக்' என்கிறார். வாரம் நூற்றைம்பது, மாதத்துக்கு நான்கு வாரம், அறுநூறு என்று மனசுக்குள் போட்டுக்கொண்டு சரி என்கிறோம். ஒப்பந்தத்தில் மாதம் 650 என்று இருக்கிறது. ஏமாற்று வேலை கிடையாது. வருடத்துக்கு 52 வாரம்; 150ஐ 52ஆல் பெருக்கினால் 7,800, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 650. மாதம் ஐம்பது, வருடத்துக்கு அறுநூறு பவுண்ட் வித்தியாசம், அதாவது நம் மனக்கணக்கில் ஒரு முழு மாத வாடகை. ஆகவே வார விலை காதில் விழுந்ததும் நான்கால் பெருக்காமல், 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மனக்கணக்காகச் செய்ய வேண்டுமென்றால் நான்கேகால் மடங்கும் கொஞ்சமும் என்று வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் 'பி.சி.எம்.' என்று இருந்தால் அது காலண்டர் மாதத்துக்கு, 'பி.டபிள்யூ.' என்றால் வாரத்துக்கு. நேரில் பேசும்போது இந்த எழுத்துகள் வராது, 'எ வீக்', 'எ மன்த்' என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். 'இஸ் தட் வீக்லி ஆர் மன்த்லி? பில்ஸ் இன்க்ளூடட்?' என்று அந்த இடத்திலேயே கேட்டு, பிறகு ஒரு குறுஞ்செய்தியில் தொகையை எண்ணால் எழுதி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லில் குவிட், எழுத்தில் £650 என்று.

கூலியிலும் இதே கவனம். 'எய்ட் குவிட் அன் அவர், கேஷ் இன் ஹேண்ட்' என்று யாராவது பகுதிநேர வேலைக்குக் கூப்பிட்டால் அது இரட்டை எச்சரிக்கை. 'கேஷ் இன் ஹேண்ட்' என்பது கையில் ரொக்கமாக. நடைமுறையில் பெரும்பாலும் சம்பளச் சீட்டு இல்லை, வரிக்கணக்கு இல்லை என்பதன் மரியாதையான பெயர். எட்டு என்பதும் சட்டத்துக்குக் கீழே: 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக வைக்கப்பட்டது. இந்த வீதம் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், போகும் வருடத்துக்கு உரியதை அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு வார மணிநேர வரம்பும் உண்டு. கையில் ரொக்கம் வாங்கினால் அந்த வரம்பு பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேர்முகத் தேர்வில் சம்பளம் பேசும்போது குவிட் வேண்டாம். 'தர்ட்டி டூ தவுசண்ட்' என்றோ 'தர்ட்டி டூ கே' என்றோ சொல்லுங்கள். கேட்கிறவரே 'தர்ட்டி டூ கிராண்ட்' என்று சகஜமாகப் பேசினாலும் நாம் அரைப் படி மேலே நிற்பது நல்லது.

கூடவே வரும் கூட்டாளிகள்

ஃபைவர், டென்னர் இரண்டும் அன்றாடம். ஐந்து பவுண்ட் நோட்டு, பத்து பவுண்ட் நோட்டு, அல்லது அந்தத் தொகை. இவை நோட்டின் பெயர் என்பதால் இவற்றுக்கு எஸ் உண்டு: 'டூ டென்னர்ஸ்', 'த்ரீ ஃபைவர்ஸ்'. இறுதி ர் அரைகுறையாகத்தான் ஒலிக்கும், 'டென்ன', 'ஃபைவ' என்று காதில் விழும். இருபதுக்கு 'ட்வென்டியர்' என்று நீங்களாகச் செய்துகொள்ளாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. அது 'எ ட்வென்டி', ஐம்பது 'எ ஃபிஃப்டி'. ஐந்தின் நோட்டு நீலப்பச்சை, பத்து ஆரஞ்சு கலந்த பழுப்பு, இருபது ஊதா, ஐம்பது சிவப்பு. நான்கும் இப்போது பிளாஸ்டிக். யாராவது பழைய காகித இருபதையோ ஐம்பதையோ நீட்டினால் வாங்காதீர்கள். 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடையில் செல்லாது, பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றலாம்.

ஒரு பவுண்டுக்கு இப்போது நோட்டு இங்கிலாந்தில் கிடையாது. 1983இல் நாணயம் வந்தது, 1988இல் நோட்டு செல்லாமல் போனது. 2017 முதல் பன்னிரண்டு பக்க நாணயம். 'காட் எ குவிட் ஃபர் த டிராலி?' என்று பல்பொருள் அங்காடி வாசலில் கேட்டால் அந்த நாணயம்தான் வேண்டும், தள்ளுவண்டிப் பூட்டில் போட.

கிராண்ட் என்றால் ஆயிரம். அதற்கும் எஸ் இல்லை, 'ஃபைவ் கிராண்ட்'. நிக்கர் என்றால் குவிட்டேதான், லண்டன் பக்கம். பாப் என்பது பழைய ஷில்லிங் (மேலே 'டென் குவிட் எ பாப்' என்பதில் வந்தது வேறு சொல்). 1971 பிப்ரவரி 15 வரை பவுண்டுக்கு இருபது ஷில்லிங், ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அந்தக் கணக்கு ஒழிந்தாலும் 'வர்த் எ ஃப்யூ பாப்' என்று பணக்காரரைச் சொல்வது ஒழியவில்லை, நாம் இன்னமும் 'சல்லிக்காசு' என்று சொல்வதுபோல.

லண்டன்காரர்கள் இன்னும் உள்ளே போவார்கள். ஸ்கோர் இருபது, போனி இருபத்தைந்து, டன் நூறு, மங்கி ஐந்நூறு. மங்கிக்கு இந்திய நோட்டில் குரங்குப் படம் இருந்ததுதான் காரணம் என்று ஒரு கதை சுற்றுகிறது, நம்பிக் கிளம்பாதீர்கள். இவற்றைத் தெரிந்துவைத்தால் போதும், பேச வேண்டியதில்லை. குவிட், ஃபைவர், டென்னர் மூன்றும் யார் வாயிலும் பொருந்தும். வந்து ஆறு மாதமான ஒருவர் 'போனி' என்று சொன்னால் பொருந்தாது.

கைமாற்று கேட்பதில் ஒரு பொறி: 'லெண்ட் அஸ் எ டென்னர்'. அஸ் என்றால் எங்களுக்கு என்று படித்திருக்கிறோம். இங்கே அது 'எனக்கு'. யார் யார் சேர்ந்து கேட்கிறார்கள் என்று தேட வேண்டாம்.

எழுத்தில் எங்கே நிறுத்த வேண்டும்

நண்பருக்குக் குறுஞ்செய்தியில் '20 குவிட்' என்று தாராளமாக எழுதலாம். அலுவலக மின்னஞ்சல், விலைப்பட்டியல், வாடகை ஒப்பந்தம், விசா விண்ணப்பம், புகார்க் கடிதம், காப்பீட்டுக் கோரிக்கை எதிலும் கூடாது. அங்கே £ குறியும் எண்ணும் மட்டும். 'துட்டு வந்து சேரல, உடனே அனுப்புங்க' என்று வங்கி மேலாளருக்குத் தமிழில் எழுதுவோமா? அதே அளவுகோல்தான்.

அதிகம் கண்ணில் படும் எழுத்துப் பிழை '£20 குவிட்'. குறியே பவுண்டைச் சொல்லிவிட்டது, குவிட் மறுபடி சொல்கிறது. ஒன்றை எடுத்துவிடுங்கள். தொகைக்கு முன்னால்தான் £ வரும், பின்னால் வராது. குவிட்டோ எண்ணுக்குப் பின்னால். பெரிய எழுத்தில் தொடங்கத் தேவையில்லை.

பேச்சில் தயக்கம் வேண்டாம். குவிட் கெட்ட வார்த்தை இல்லை. பேராசிரியரும் சொல்வார், மருத்துவரும் சொல்வார். காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ தொகை சொல்லும்போது மட்டும் பவுண்ட்.

எல்லை தாண்டினால்

அயர்லாந்தில் 2002க்கு முன் ஐரிஷ் பவுண்டைக் குவிட் என்றார்கள். யூரோ வந்தபின் யூரோவையும் குவிட் என்றே கூப்பிடுகிறார்கள். டப்ளினில் 'ட்வென்டி குவிட்' என்றால் இருபது யூரோ. பிரிட்டன் வசம் இருக்கும் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு ரயிலில் போய் இறங்கினால் அதே சொல் இருபது பவுண்ட் ஆகிவிடும். ஆஸ்திரேலியா 1966 பிப்ரவரி 14இல் பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. விலை சொல்ல இன்று அங்கே 'பக்ஸ்'தான், ஆனால் 'மேக் எ குவிட்', பிழைப்புக்கு நாலு காசு பார்ப்பது, இன்னும் உயிரோடு இருக்கிறது. 'நாட் த ஃபுல் குவிட்' என்று ஒருவரைச் சொன்னால் 'மறை கழண்டவன்' என்கிறார்கள். அமெரிக்காவில் குவிட் போணியாகாது. டாலரைக் குவிட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த முடிவு கிடையாது. 'என்ன', 'ஏதோ ஒன்று' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அதிகம் பேர் சொல்வது. குவிட்ஹாம்ப்டன் என்ற ஊரில் பணத்தாள் செய்ததால் வந்த பெயர் என்றும் ஒரு கதை. ஆனால் இந்தச் சொல் 1688லேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து தொடங்கியதே 1694இல். பணத்தாளுக்கு முன்பே பெயர் பிறந்துவிட்டதால் கதை நிற்கவில்லை. வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கடைவாயில் அடக்குவார்களே, அந்த உருண்டைக்கும் ஆங்கிலத்தில் குவிட் என்றுதான் பெயர். எழுத்து ஒன்று, சொல் வேறு.

அந்தக் காலத்தில் குவிட் என்றது தங்கக் காசை. முதலில் கினி, 1817க்குப் பிறகு சவரின். 22 காரட், 7.98 கிராம். அதே சவரின்தான் நம் நகைக்கடையில் 8 கிராம் பவுனாக, சவரனாக நிற்கிறது. லண்டன்காரர் குவிட் என்று செல்லப்பெயர் வைத்த காசை நாம் தாலியிலும் வளையலிலும் அளந்துகொண்டிருக்கிறோம். ஈழத்தமிழ்ப் பேச்சில் தங்கத்துக்கும் பிரிட்டிஷ் காசுக்கும் பவுண் ஒன்றே; கேட்கிறவர்கள் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு வீட்டுக்கு அப்படிப் பழக்கமில்லை. தொலைபேசியில் அம்மாவிடம் வாடகை சொல்லும்போது கடைசி ட்-டை விழுங்காமல் 'அறுநூத்தம்பது பவுண்ட்' என்று அழுத்திச் சொல்லுங்கள். விழுங்கினால் அங்கே கேட்பது ஐந்து கிலோ இருநூறு கிராம் தங்கம்.